வேட்டைக்குப் போன பூனைகள்

நாயைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர்கள் நோர்வேயில் ஏராளம். பூனைகளைக் கூட்டிக்கொண்டு போன குடும்பம் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கப்பட்டுச் சொல்வதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பாவின் வேலைத்தலத்தில் அந்தக் கதை பல வருடங்கள் ஓடியது என்று மட்டும் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் இருந்தோம். சுரங்க ரயில் இனிப் போக இடமில்லை என்று நின்றுவிடுகிற கடைசி நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாடிக்கட்டடம். அப்பா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தார். அம்மா அந்த ஆனி மாதம் லண்டனில் இருந்த பெரியம்மாவிடம் போயிருந்தார். இரண்டு கிழமையில் வருவேன் என்று சொல்லிப் போனவர், பள்ளிக்கூடம் தொடங்கி, யன்னலுக்கு வெளியே மரங்கள் மஞ்சளாகியும் வரவில்லை. போகும்போது தடித்த குளிர்ச்சட்டையையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். லண்டனில் கோடையிலும் குளிரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கைபேசித் திரையில் வருவார். சாப்பிட்டியோ, சீப்பாலை தலை இழுத்தியோ, பூனையள் எப்படி என்று வரிசையாகக் கேட்பார். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டால், பிறகு கதைக்கிறேன் என்பார். அந்த நேரத்தில் அப்பாவுக்கும் பால்கனியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். பூச்சாடி ஒன்றும் இல்லாத பால்கனியில் அப்படி என்ன வேலை என்று நான் யோசித்ததில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்கும். அப்பா வேலை முடிந்து வந்து, சமைத்து, எனக்குப் போட்டுத் தந்து, தானும் சாப்பிட்டு, கோப்பைகளைக் கழுவி வைப்பார். இவ்வளவும் நடந்து முடிவதற்குள் நாங்கள் பேசியிருப்பது பத்துச் சொல்லுக்கு மேல் இராது. அவருக்குக் கதை வராது. எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. எனக்கு மிகவும் தனிமையாக இருந்தது. கதைப்பதற்கு இருந்தவை பூனைகள்தான்.

கறுப்பி, ராசா என்று இரண்டு பூனைகள். இரண்டும் அம்மாவின் செல்லங்கள். அப்பாவுக்கும் அவற்றுக்கும் ஒத்துவராது. 'சனியனுகள்' என்பதுதான் அவர் இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்த பெயர். அதிலும் கறுப்பி கறுப்புப் பூனை. காலையில் அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் குறுக்கே போய்விட்டால், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரையில் கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார். அதற்குள் ரயில் போய்விடும். வேலைக்குப் பிந்திப் போய், அங்கே பேச்சு வாங்குவார். அப்படிப் பார்த்தால் கறுப்பியின் சகுனம் ஒருநாளும் பிழைத்ததில்லை.

முதியோர் இல்லத்தில் பூட்டு, குழாய், மின்குமிழ் எல்லாம் திருத்துகிற ஒரு நோர்வேக்காரர் இருந்தார். நெஞ்சு வரைக்கும் தாடி. நான் அவரைத் தாடி மாமா என்பேன். இலையுதிர் காலம் வந்தால் அவர் விடுமுறை எடுத்துக்கொண்டு காட்டில் இருக்கிற தன் மரவீட்டுக்கு எல்க் வேட்டைக்குப் போவார். எல்க் மான் இனம்தான், ஆனால் மாட்டைவிடப் பெரிது. அதை மானென்று கொள்வதா மாடென்று கொள்வதா என்று எங்கள் ஆட்களுக்குள்ளே ஒரு வாதம் இருந்தது. மான் என்றவர்கள் கறி வைத்துச் சாப்பிட்டார்கள். மாடு என்றவர்கள் அவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் தாடி மாமா அப்பாவை வேட்டைக்குக் கூப்பிடுவார். ஒவ்வொரு வருடமும் அப்பா ஒரு சாட்டுச் சொல்லுவார்: கலியாண வீடு, கோயில் திருவிழா, பிள்ளைக்கு இருமல். அந்த வருடம் மட்டும் கேட்ட வாயை மூடுவதற்குள் 'வாறன்' என்று சொல்லிவிட்டார். எனக்கும் பள்ளிக்கூட விடுமுறை. மிச்சம் இருந்தது பூனைகள். கீழ்மாடியில் இருந்த தமிழ் அன்ரியிடம் இரண்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பூனை மயிர் பட்டால் தனக்குத் தும்மல் வரும் என்றார் அன்ரி. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அவையும் வரட்டும்" என்றார்.

பூனைக்கூடு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதில் ராசாவை அடைத்தோம். கறுப்பிக்கு, உடுப்புத் தோய்க்கப் போடுகிற பிளாஸ்ரிக் கூடை ஒன்றை எடுத்து, அதன்மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்து, அப்பா கயிற்றால் வரிந்து கட்டினார். இரண்டையும் காரில் ஏற்றுவதற்கு அவர் முன்னால் இறங்கிப் போக, நான் மின்தூக்கிக்குக் காத்து நின்றேன். அன்ரி வழிக்குச் சாப்பிட ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார்.

"அப்பா பூனையளையும் கொண்டுபோறாரோ?"

"ஓம் அன்ரி."

"காட்டுக்கை விட்டிட்டு வரப்போறார் போல." அன்ரி ஒரு பெருமூச்சு விட்டார். "அந்தாளும் என்ன செய்யிறது? வேலைக்குப் போறதோ, உன்னைப் பாக்கிறதோ, உதுகளின்ரை பீயை அள்ளுறதோ? ஊரிலையும் உப்பிடித்தான் பிள்ளை, சாக்கிலை போட்டுக் கட்டிக் கொண்டுபோய் விடுறது. போற வழியிலை மூண்டுதரம் சுத்தவேணும். சுத்தாமல் விட்டா திசை பிடிச்சுத் திரும்பி வந்திடும்."

அன்ரி கெட்ட மனதோடு சொல்லவில்லை. வீட்டில் பூனை பெருகினால் யாழ்ப்பாணத்தில் செய்கிற ஒரு வேலையை, அரிசி களைவதைச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு ரொட்டிப் பொதியை என் கையில் வைத்து, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நான் மின்தூக்கிக்குள்ளே நின்று அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அப்பாவுக்குப் பாரமானவை என்று அவர் எண்ணிச் சொன்னவற்றில் பூனைகளுக்கு முன்னால் நான் இருந்தேன்.

காரில் நான் பின் ஆசனத்தில், இரண்டு பூனைகளுக்கும் நடுவில் இருந்தேன். ஒஸ்லோவைத் தாண்டிக் கிழக்கே, சுவீடன் எல்லைப் பக்கமாகப் பயணம். வீடுகள் குறைந்து, வயல் வந்து, பிறகு காடுதான். ஒரு சின்ன ஊருக்கு வெளியே சுற்றுவட்டம் ஒன்று வந்தது. அப்பா அதற்குள் நுழைந்து ஒருமுறை சுற்றினார். கைபேசியில் வழி சொல்லுகிற பெண் ஏதோ சொன்னாள். அப்பா இரண்டாம் முறையும் சுற்றினார். மூன்றாம் முறை சுற்றும்போது ராசா கூட்டுக்குள் சத்தி எடுத்தான்.

அன்ரி சொன்னது அப்படியே நடக்கிறது. அழுதால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு எனக்கு ஒரு வழி தோன்றியது. கூடையை யன்னல் பக்கமாகத் திருப்பிவைத்து, பூனைகளுக்குப் பாதையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். "கறுப்பி, இதிலை பெற்றோல் ஸ்ரேசன். வடிவாப் பார். ராசா, இதிலை பாலம் வருது, பாலத்தாலை இறங்கி நேர வரவேணும்."

அப்பா கண்ணாடியில் பார்த்தார். "ஆரோடை கதைக்கிறாய் பிள்ளை?"

"பூனையளோடை."

"கதை, கதை," என்றார். "நல்லது."

எனக்கு அது பயமாகவே இருந்தது. கடைசியாகக் கதைத்துக்கொள் என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மரவீடு ஒரு குளத்தின் பக்கத்தில் இருந்தது. தாடி மாமாவும் மனைவியும் வாசலில் நின்றார்கள். அப்பா கயிற்றால் கட்டிய கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும், தாடி மாமா குனிந்து பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எல்க்கைப் பூனை வைத்துப் பிடிக்கிற முறை உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. "வீட்டில் வேறு ஒருவரும் இல்லை" என்று நொஸ்க் மொழியில் பதில் சொன்னார். அதற்குப் பிறகு தாடி மாமாவும் சிரிக்கவில்லை. அவருடைய சாம்பல் நிற வேட்டைநாய் கம்பிக்கூட்டுக்குள் நின்று கொலைவெறியோடு குரைத்துக்கொண்டிருந்தது. பூனைகளையும் எங்களையும் ஒரே அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அன்று படுக்கும்போது நான் கறுப்பியின் கூடைமேல் கையைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

விடிந்து கண் விழித்தபோது என் கை கட்டிலில் கிடந்தது. கூடையின் கயிறு அவிழ்ந்திருந்தது. ராசா கூட்டுக்குள் தூங்கினான். கறுப்பி இல்லை. அப்பாவின் படுக்கையும் வெறுமையாகக் கிடந்தது.

நான் காலுறையோடு வெளியே ஓடினேன். புல்லில் வெள்ளையாக உறைபனி. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரங்கள். கறுப்பி, கறுப்பி என்று கத்தினேன். தொலைவில் எங்கோ ஒரு துவக்கு வெடித்தது. அந்தச் சத்தம் காட்டைச் சுற்றிவந்து அடங்குவதற்குள் நான் மரங்களை நோக்கி ஓடினேன். தாடி மாமாவின் மனைவி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். வேட்டை நடக்கிற நேரம் ஒருவரும் காட்டுக்குள் போகக்கூடாது என்றார்.

"அப்பா என் பூனையைக் காட்டில் விட்டுவிட்டார்" என்றேன்.

"விட்டுவிட்டார் என்றால்?"

"ஒரேயடியாக."

அவர் என்னை நம்பினாரோ இல்லையோ, முகம் மாறிவிட்டது. படியில் என்னை இருத்தி, கம்பளியால் சுற்றி, உள்ளே போய் வானொலிப் பேசியை எடுத்துவந்தார். வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் ஆடாமல் அசையாமல் இருந்து, அவசியமானால் மட்டும் அதில் குசுகுசுப்பார்கள். அவர் அதை வாயருகே பிடித்து, தாடி மாமாவோடு இருக்கும் விருந்தாளியிடம் பூனை இருக்கிறதா என்று கேட்டார்.

பேசி கரகரத்தது. பிறகு தாடி மாமாவின் குரல், மிக மெதுவாக: "இருக்கிறது. அவருடைய ஜாக்கெட்டுக்குள்."

எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்தார். அந்தப் பூனையிடம் வேட்டை அனுமதி இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டார். அதற்குப் பிறகு அப்பாவின் குரல் வந்தது. அந்தக் காட்டு வானொலியில் அதற்கு முன்னால் யாரும் தமிழ் பேசியிருக்க மாட்டார்கள். "பிள்ளை, கறுப்பி என்னோடை நிக்குது. விடியக் கத்தினது. நீ எழும்பிப்போடுவாய் எண்டு கொண்டந்தனான்."

எனக்கு அரை நம்பிக்கைதான். கொண்டுபோனவர் கொண்டுவருவாரா என்பதுதானே கேள்வி. ராசாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்தேன். தாடி மாமாவின் மனைவி சூடான சாக்லேட் கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். அம்மா போன நாளிலிருந்து இப்படி ஒருவர் என் பக்கத்தில் ஒரு வேலையும் இல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். அதற்காகவே எனக்கு அழுகை வந்தது.

மத்தியானம் போல அவர்கள் வந்தார்கள். முதலில் தாடி மாமாவும் நாயும். நாய் அவமானத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. பின்னால் செம்மஞ்சள் சட்டையும் தொப்பியுமாக அப்பா. அவருடைய கழுத்துக்குக் கீழே, ஜாக்கெட்டின் சிப்பைத் திறந்த இடத்தில் கறுப்பியின் தலை தெரிந்தது. நான் ஓடிப்போய் அவளைப் பிடுங்கி, காது, வால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் நித்திரை தூங்கி வழிந்தாள். குறுக்கே போனாலே ஆகாது என்று திரும்பிவருகிற மனிதரின் நெஞ்சில் காலை முழுவதும் படுத்துவிட்டு வந்திருந்தாள்.

தாடி மாமா என் பக்கத்தில் குந்தினார். "இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேட்டை நான் கண்டதில்லை. உன் அப்பா காலையிலிருந்து அந்தப் பூனையோடு பேசிக்கொண்டே இருந்தார். எல்க் எல்லாம் சுவீடனுக்கு ஓடிப்போயிருக்கும்."

"என்ன பேசினார்?"

"உங்கள் மொழி எனக்கு எப்படி விளங்கும்? ஆனால் நீளமான கதை. சமையலறையில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. சத்தம் போட வேண்டாம் என்று சொல்லத்தான் திரும்பினேன்." அவர் தாடியைத் தடவினார். "முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை."

நான் அப்பாவிடம் போய், கறுப்பிக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "சும்மா, குளிருது எண்டு சொன்னனான்" என்றார். அன்றைக்கு உண்மையிலேயே கடும் குளிர். அதைப் பற்றி நீளமாகப் பேசலாம் என்றுதான் எனக்கும் பட்டது.

ஆனாலும் என் பயம் போகவில்லை. இன்னும் அரைநாள் இருந்தது. கேட்டுவிட வேண்டும் என்று கறுப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றேன். "அப்பா, இவையை இஞ்சை விட்டிட்டு வரப்போறியளோ?"

அப்பா என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தாடி மாமா கொட்டிலில் இருந்து கூப்பிட்டார். எங்களை அனுப்புவதற்கு இறைச்சி வெட்டப்போகிறார்.

அதற்கு முந்திய கிழமை சுட்ட எல்க் கொட்டிலுக்குள் தொங்கியது. வேட்டைக்கு வந்தவர் சுட்டாலும் சுடாவிட்டாலும், அவருடைய வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் இறைச்சி கொடுத்துவிட வேண்டும் என்பது தாடி மாமாவின் தகப்பன் காலத்திலிருந்து வந்த வழக்கமாம். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

அது ஒரு கடினமான கேள்வி இல்லை. ஆனாலும் அப்பா தொங்கிக்கொண்டிருந்த இறைச்சியைப் பார்த்தபடி நின்றார். தாடி மாமாவும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அப்பா நொஸ்கில் சொன்னார்: "நான்கு."

அவர் நொஸ்கில் எண்களைப் பிழையாகச் சொல்வது வழக்கம். நான் அவருடைய சட்டையை இழுத்து, "மூண்டெல்லோ அப்பா" என்றேன்.

"நீ, நான், இவை ரெண்டு பேரும்," என்றார் அப்பா. "நாலு பேர்தானே."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் வேறு என்ன இருக்கிறது? ஆட்களோடு சேர்த்து எண்ணியவற்றை ஒருவர் காட்டில் விட்டுவிட்டு வரமாட்டார். என்னையும் விடமாட்டார். தாடி மாமா ஒன்றும் கேட்காமல் நான்கு பங்கு வெட்டினார். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் சுற்றிக் கட்டித் தந்துவிட்டு, அப்பாவின் தோளில் கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். வேட்டை பிழைத்துப்போனதற்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அம்மாவை அப்பா ஏன் எண்ணவில்லை என்று காரில் ஏறிக் கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் யோசித்தேன். விடையும் உடனேயே கிடைத்தது. அது நவராத்திரிக் கிழமை. எங்கள் வீட்டில் விரதம் பிடிப்பது அம்மா மட்டும்தான். கொலு முடியும்வரை மச்சம் மாமிசம் தொடமாட்டார். சாப்பிடாத ஒருவருக்குப் பங்கு கேட்டு வாங்குவது நியாயமில்லை. அப்பா எவ்வளவு நேர்மையான மனிதர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"விரதம் முடிஞ்சு அம்மா வந்தோடனை என்ரை பங்கிலை பாதியை அம்மாக்குக் குடுப்பம்" என்றேன்.

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, குடுப்பம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் பங்கைப் பாதியாக வெட்டித் தரச் சொன்னேன். ஒரு பாதியைப் பொலித்தீன் பையில் போட்டு, மேலே 'அம்மா' என்று எழுதி, உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். மற்ற இறைச்சியை நாங்களும் பூனைகளும் டிசம்பரில் வருகிற நத்தாருக்கு முன்னமே சாப்பிட்டு முடித்துவிட்டோம். உறைபெட்டியில் பனி கட்டிக் கழுவுகிற நாட்களில் அப்பா அந்தப் பையை எடுத்துப் பால்கனிக் குளிரில் வைப்பார். கழுவி முடிந்ததும் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைப்பார். எல்க் இறைச்சி இவ்வளவு காலம் பழுதாகாமல் இருக்கிறதே என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.